ஏவிஆரில் இன்டெக்ஸைப் பாயின்டராக மாற்றினேன், இன்டரப்ட் மெதுவாகிவிட்டது: காரணம் என்ன?

#1 பம்புக்காரன்

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் ஒரு சிறிய பட்டறைக்காக ஃபர்ம்வேர் எழுதி வருகிறேன். பெட்டிக்குள் இருப்பது 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா328பி, அதாவது ஏவிஆர் குடும்பத்தைச் சேர்ந்த எட்டு பிட் மைக்ரோகன்ட்ரோலர். மின்னோட்டத்தை அளக்கும் மற்றொரு போர்டு, நொடிக்கு ஒருமுறை 40 பைட் கொண்ட ஒரு ஃபிரேமை ஆர்எஸ்485 என்ற தொடர் இணைப்பு வழியாக 250000 பாட் (நொடிக்கு 250000 பிட்) வேகத்தில் இதற்கு அனுப்புகிறது. வரும் ஒவ்வொரு பைட்டையும், நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் இன்டரப்ட் நிரல் வாங்கி, முடிவை எட்டியதும் தொடக்கத்துக்குத் திரும்பும் 128 பைட் ரிங் பஃபரில் போடுகிறது. மெயின் லூப் அதை எடுத்துப் பிரித்துப் பார்க்கிறது.

முன்பு ரிங் பஃபரின் தலையையும் (அடுத்து எழுதும் இடம்) வாலையும் (அடுத்து படிக்கும் இடம்) எட்டு பிட் இன்டெக்ஸாக, அதாவது அரேயில் எத்தனையாவது இடம் என்ற எண்ணாக வைத்திருந்தேன். அரேயின் தொடக்கத்தோடு இன்டெக்ஸைக் கூட்டி முகவரி கண்டுபிடிக்கும் வேலை ஒவ்வொரு முறையும் வீண்தானே என்று எண்ணி, எஸ்டிஎம்32 (32 பிட் ஆர்ம் சிப்) திட்டம் ஒன்றில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த என்னுடைய பழைய நிரலிலிருந்து, முகவரியையே நேரடியாக வைத்திருக்கும் பாயின்டர் வடிவத்தை எடுத்து இங்கே பொருத்தினேன். இப்போது இன்டரப்டின் உள்ளே நடப்பது, தலை சுட்டும் இடத்தில் எழுதிவிட்டு ++ போடுவதும், பஃபரின் முடிவை எட்டியிருந்தால் தொடக்கத்துக்குத் திரும்புவதும் மட்டுமே. பார்ப்பதற்கு முன்னதைவிடச் சுருக்கமாகவே இருக்கிறது.

ஆனால் எழுதும் பகுதிக்கு முன்னும் பின்னும் ஒரு பின்னை ஏற்றி இறக்கி லாஜிக் அனலைசரில் பார்த்தபோது, பாயின்டர் வடிவம் 3 சைக்கிள் கூடுதலாக எடுப்பது தெரிந்தது. 3 சைக்கிளால் எனக்கு ஒன்றும் குடிமுழுகிவிடாது; ஆயினும் பாயின்டர் கணக்குதான் வேகமானது என்று கல்லூரியில் படித்ததிலிருந்து நம்பி வந்தவனுக்கு இது புரியவில்லை. அளவைக் குறைக்கும் ஆப்டிமைசேஷனில்தான் கம்பைல் செய்கிறேன்.

#2 எட்டுபிட்

நண்பரே, நீங்கள் அளந்தது சரியாகத்தான் இருக்கும். அசெம்பிளி லிஸ்டிங்கை (கம்பைலர் உருவாக்கிய இயந்திரக் கட்டளைகளின் பட்டியலை) எடுத்துப் பார்த்தால் 3 சைக்கிள் எங்கிருந்து வந்தது என்பது வெளிச்சமாகிவிடும். உங்கள் நிரல் கையில் இல்லாததால், இரண்டு வடிவங்களையும் நானே எழுதி ஜிசிசி கம்பைலரில் கம்பைல் செய்து பார்த்தேன். இன்டெக்ஸ் வடிவத்தில், யூஆர்ட்டிலிருந்து (சிப்பின் தொடர் இணைப்புப் பகுதி) பைட்டைப் படிப்பதை விட்டுவிட்டு எண்ணினால் வருவது இது (எல்டிஎஸ் நினைவகத்திலிருந்து எடுப்பது; எஸ்டிஎஸ், எஸ்டி அதில் வைப்பவை; ஆர்24 போன்றவை ரெஜிஸ்டர்கள்; இசட் என்பது ஆர்30, ஆர்31 சேர்ந்த முகவரி ஜோடி; வலப்புறம் சைக்கிள் எண்ணிக்கை):

எல்டிஎஸ் ஆர்24, தலை … 2
மூவ் ஆர்30, ஆர்24 … 1
எல்டிஐ ஆர்31, 0 … 1
பஃபரின் முகவரியைக் கூட்ட இரண்டு கட்டளைகள் … 2
எஸ்டி இசட், ஆர்25 … 2
இன்டெக்ஸோடு 1 கூட்டல் … 1
127 உடன் ஆண்ட் … 1
எஸ்டிஎஸ் தலை, ஆர்24 … 2

மொத்தம் 12 சைக்கிள். நீங்கள் அஞ்சிய அந்த "முகவரி கண்டுபிடிக்கும் வேலை" இதில் வெறும் 2 சைக்கிள்; பஃபர் எங்கே இருக்கிறது என்பது லிங்க் செய்யும்போதே (நிரலின் துண்டுகளை இணைத்து முகவரி ஒதுக்கும்போதே) தெரிந்த மாறிலி ஆகையால், அதைக் கட்டளைக்குள்ளேயே பொதிந்து வைத்துவிடுகிறது.

பாயின்டர் வடிவத்தில் தலை என்பது 16 பிட். எட்டு பிட் சிப்பில் அதை நினைவகத்திலிருந்து எடுக்க இரண்டு எல்டிஎஸ், அதாவது 4 சைக்கிள். எழுதிவிட்டு நகர்த்துவது எஸ்டி இசட்+ என்ற ஒரே கட்டளையில் 2 சைக்கிளில் முடிகிறது. உங்களுக்குக் கிடைத்த லாபம் இது ஒன்றுதான். அதன் பிறகு முடிவு முகவரியோடு 16 பிட் ஒப்பீடு செய்ய 3, தாவலுக்கு 2, திரும்ப வைக்க இரண்டு எஸ்டிஎஸ்ஸாக 4. கூட்டினால் 15. உங்கள் 3 சைக்கிள் இங்கேதான் இருக்கிறது.

ஒரு மாறி ரெஜிஸ்டரில் தங்கி லூப்புக்குள் பலமுறை சுற்றும்போதுதான் பாயின்டரின் தானியங்கி நகர்வு லாபம் தரும். இன்டரப்டில் ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்து எடுத்து, ஒரே ஒருமுறை பயன்படுத்தி, மறுபடி நினைவகத்திலேயே வைக்கிறோம். அங்கே செலவை முடிவு செய்வது மாறியின் அகலம்.

#3 ஐம்பத்தொன்று

எட்டுபிட் சொன்னதோடு உடன்படுகிறேன். "பாயின்டர் வேகமானது" என்ற பாடம் எந்தச் சிப்பை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. பிடிபி-11 என்ற பழைய கணினியில் தானாக நகரும் முகவரி முறை இருந்ததால்தான் சி மொழியில் ++ வந்தது என்று பாட வகுப்புகளில் ஒரு கதை உலவுகிறது. சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியே அதை மறுத்து எழுதியிருக்கிறார்: கென் தாம்சன் சி-க்கு முன்னோடியான பி மொழிக்காக ++ ஐக் கொண்டுவந்தபோது பிடிபி-11 என்ற இயந்திரமே கிடையாது.

நான் 8051 என்ற பழைய எட்டு பிட் சிப்பில் காலம் தள்ளியவன். அங்கே இந்தப் பாடத்தை அப்படியே பின்பற்றியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். கெயில் கம்பைலரிலும் எஸ்டிசிசியிலும், எந்த நினைவகப் பகுதி என்று குறிப்பிடாமல் ஒரு பாயின்டரை அறிவித்தால் அது 3 பைட் எடுக்கும்: 2 பைட் முகவரிக்கு, 1 பைட் எந்த நினைவகம் என்று சொல்ல. அதன் வழியே ஒரு பைட்டைப் படிக்கக்கூட லைப்ரரிக்குள் ஒரு ஃபங்ஷன் கூப்பிடப்படும். அது முதலில் அந்த மூன்றாவது பைட்டைப் பார்த்துவிட்டுத்தான் எங்கே போவதென்று முடிவு செய்யும். உள் நினைவகத்துக்கானது என்று ஒரு சொல் சேர்த்து அறிவித்தால் அதே பாயின்டர் 1 பைட்டாகச் சுருங்கி, நேரடியான ஒரு கட்டளையாகிவிடும். இன்னொன்று: டிபிடிஆர் என்ற 16 பிட் பாயின்டரைக் கூட்ட ஒரு கட்டளை உண்டு, குறைக்கக் கட்டளை கிடையாது. பஃபரைப் பின்னாலிருந்து முன்னால் சுற்றும் லூப்பை எழுதிவிட்டு, ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று நான் விழித்த நாட்கள் உண்டு.

#4 கார்ட்டெக்ஸ்வாசி

எதிர்த்தரப்பையும் பதிவு செய்துவிடுகிறேன், இல்லாவிட்டால் படிப்பவர்கள் எட்டு பிட் இன்டெக்ஸே எங்கும் நல்லது என்று எடுத்துக்கொள்வார்கள். எஸ்டிஎம்32 போன்ற சிப்புகளில் உள்ள ஆர்ம் கார்ட்டெக்ஸ்-எம்0 இல் ரெஜிஸ்டர்கள் 32 பிட். லூப்பின் எண்ணியை எட்டு பிட்டாக அறிவித்தால், அது 255 ஐத் தாண்டினால் 0 ஆக வேண்டும் என்ற மொழி விதியைக் காப்பாற்றுவதற்காகக் கம்பைலர் சில இடங்களில் மேல் 24 பிட்டைத் துடைக்கும் கூடுதல் கட்டளையைச் சேர்க்க நேரிடும். ஏவிஆரில் சிக்கனமான அதே அறிவிப்பு இங்கே சுமையாகிறது. இரண்டு குடும்பங்களிலும் ஓட வேண்டிய நிரலானால், "குறைந்தது எட்டு பிட், எது வேகமோ அது" என்று பொருள்படும் ஃபாஸ்ட் வகையைத் தலைப்புக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது; அது ஏவிஆரில் 8 பிட்டாகவும், ஆர்ம் ஜிசிசியில் 32 பிட்டாகவும் அமையும்.

மேலும் எம்0 இல் படித்துவிட்டுத் தானே நகரும் பைட் கட்டளை கிடையாது. அதைவிடத் திறன் கூடிய எம்3 இல் உண்டு. ஆகவே எம்0 இல் பா என்ற பாயின்டரை வைத்து *பா++ என்று எழுதினாலும் படிக்க ஒரு கட்டளை, கூட்ட ஒரு கட்டளை. அரே[இ] என்று எழுதினாலும் தொடக்கமும் இன்டெக்ஸும் சேர்ந்த முகவரியில் படிக்க ஒரு கட்டளை, இன்டெக்ஸைக் கூட்ட ஒரு கட்டளை. இரண்டும் சமம். பம்புக்காரன் எஸ்டிஎம்32 இலிருந்து எடுத்த நிரல் அங்கே "நன்றாக ஓடியது" என்கிறார். ஓடியிருக்கும், ஆனால் பாயின்டராக இருந்ததால் வேகமாக ஓடியதா என்று அங்கே அளந்து பார்த்தாரா?

#5 பம்புக்காரன்

உண்மையைச் சொன்னால், அங்கே அளக்கவே இல்லை. எட்டுபிட் அவர்களின் எண்ணிக்கையும் என் லிஸ்டிங்கும் வரிக்கு வரி ஒத்துப்போகின்றன, மிக்க நன்றி.

இரண்டாவது கேள்வி ஒன்று இருக்கிறது. மெயின் லூப்பில், தலை வாலட்டைலாக (எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று கம்பைலருக்கு அறிவிக்கப்பட்டதாக) இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் அதை நினைவகத்திலிருந்து மீண்டும் மீண்டும் எடுக்கிறது. அதைத் தவிர்க்க, முதலில் தலையை ஒரு உள்ளூர் மாறியில் பிரதி எடுத்துக்கொண்டு, வால் அந்தப் பிரதியோடு சமமாகும் வரை பைட்டுகளை எடுக்கும்படி மாற்றினேன். இதில் லாபம் கண்கூடாகத் தெரிந்தது. இது போன்ற வேறு சில்லறைச் சேமிப்புகள் உண்டா?

(தலைப்புக்குத் தொடர்பில்லாத ஒன்று: அண்மைக் காலமாகப் பெட்டி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வாட்ச்டாகால் (நிரல் சிக்கிக்கொண்டால் சிப்பை மறுபடி தொடங்கவைக்கும் டைமரால்) ரீசெட் ஆகிறது. கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) விழும்போது வரும் மின் இரைச்சல் என்று கருதி, அதை அடக்கும் ஸ்னப்பர்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன். என்ன நடக்கிறதென்று பார்க்க 32 பைட் டிரேஸ் அரே ஒன்றைச் சேர்த்தேன். சேர்த்ததும் ஒரு நாள் முழுவதும் ரீசெட்டே இல்லை. எடுத்ததும் மறுபடி வந்துவிட்டது. இரைச்சலுக்கு நேரம் காலம் கிடையாது போலிருக்கிறது.)

#6 எட்டுபிட்

ஸ்னப்பரை விட்டுவிடுங்கள். நீங்கள் அடைப்புக்குள் போட்டதுதான் இந்த இழையின் முக்கியமான செய்தி. டிரேஸ் அரே இல்லாத பில்டின் மேப் ஃபைலை (எந்த மாறி எந்த முகவரியில் என்று காட்டும் பட்டியலை) எடுத்து, ரிங் பஃபர் எந்த முகவரியில் தொடங்குகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

#7 பம்புக்காரன்

பதின்ம எண்ணில் 480 இல் தொடங்கி 607 இல் முடிகிறது. டிரேஸ் அரே அதற்கு முன்னால் அமர்ந்துவிடுவதால், அதைச் சேர்த்த பில்டில் 512 முதல் 639 வரை.

#8 எட்டுபிட்

அப்படியானால் விஷயம் இதுதான். பொறுமையாகப் படியுங்கள், ஒவ்வொரு எண்ணையும் கையால் சரிபார்க்கலாம்.

ஏடிமெகா328பி இல் 16 பிட் மாறியை மெயின் லூப் படிப்பது இரண்டு எல்டிஎஸ் கட்டளைகளால்: முதலில் கீழ் பைட், அடுத்து மேல் பைட். இவ்விரண்டுக்கும் நடுவில் இன்டரப்ட் புகலாம். தலை இப்போது 511 இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் பைட் 1, கீழ் பைட் 255. மெயின் லூப் கீழ் பைட்டான 255 ஐப் படித்துவிட்டது. அந்த நொடியில் ஒரு பைட் வந்து சேர, இன்டரப்ட் அதை 511 இல் எழுதிவிட்டுத் தலையை 512 ஆக்குகிறது. இப்போது மேல் பைட் 2, கீழ் பைட் 0. திரும்பி வந்த மெயின் லூப் மேல் பைட்டாக 2 ஐப் படிக்கிறது. அதன் கையில் இருப்பது 2 × 256 + 255, அதாவது 767. உங்கள் பஃபரில் அப்படியொரு முகவரியே கிடையாது.

தலையை ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் படித்துக்கொண்டிருந்த வரையில் இதனால் பெரிய கேடில்லை. 767 வாலுக்குச் சமமில்லை, ஒரு பைட் எடுக்கலாம் என்று முடிவு செய்யும். உண்மையிலேயே ஒரு பைட் வந்தும் இருக்கிறது. அடுத்த சுற்றில் சரியான தலை கிடைத்துவிடும். நீங்கள் அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டதால், வால் 767 ஐ எட்டும் வரை நிற்காமல் ஓடுகிறது. வாலோ 607 ஐத் தாண்டியதும் 480 க்குத் திரும்பிவிடும். செக்கு மாடு மாதிரி அது பஃபரைச் சுற்றிக்கொண்டே இருக்க, கடைசியில் வாட்ச்டாக் வந்து காப்பாற்றுகிறது.

இதே விபத்து இன்னோர் இடத்திலும் நடக்கும். தலை 607 இலிருந்து 480 க்குத் திரும்பும்போது பழைய கீழ் பைட் 95, புதிய மேல் பைட் 1, சேர்ந்தால் 351. அதுவும் பஃபருக்கு வெளியே. பஃபரின் ஒரு சுற்றில் மேல் பைட் மாறுகிற இந்த இரண்டு தருணங்கள் மட்டுமே ஆபத்தானவை. டிரேஸ் அரேயைச் சேர்த்ததும் பஃபர் 512 முதல் 639 க்கு நகர்ந்தது. அங்கே மேல் பைட் எப்போதும் 2. பாதி பழையது பாதி புதியது என்று படித்தாலும் விடை தப்பாது. ஆகவே நோய் மறைந்தது.

ஒன்றரை மணி நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். நொடிக்கு 40 பைட், சுற்றுக்கு 128 பைட், சுற்றுக்கு இரண்டு ஆபத்தான தருணங்கள்: ஏறத்தாழ 1.6 நொடிக்கு ஒரு தருணம். உங்கள் மெயின் லூப் ஒருமுறை சுற்ற எவ்வளவு நேரம் எடுக்கிறது?

#9 பம்புக்காரன்

ஏறத்தாழ 400 மைக்ரோ வினாடி.

#10 எட்டுபிட்

அது 6400 சைக்கிள். முதல் எல்டிஎஸ் ஓடும் 2 சைக்கிளுக்குள் இன்டரப்ட் எழுந்தால்தான் இரண்டுக்கும் நடுவில் புகும். ஆக, 3200 இல் ஒரு வாய்ப்பு. 1.6 ஐ 3200 ஆல் பெருக்கினால் 5120 நொடி, அதாவது 85 நிமிடம். தோராயக் கணக்குதான், ஆனாலும் கான்டாக்டர் மேல் பழி போடுவதற்கு இனி இடமில்லை என்று நினைக்கிறேன்.

#11 கார்ட்டெக்ஸ்வாசி

என் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. எம்0 ஆக இருந்தாலும் எம்3 ஆக இருந்தாலும் நான்கு பைட் எல்லையில் அமைந்த 32 பிட் பாயின்டரை ஒரே கட்டளை முழுமையாகப் படித்துவிடும், நடுவில் யாரும் புக முடியாது. அங்கே பிழையற்றதாக இருந்த அதே வரி, ஏவிஆருக்கு வந்ததும் பிழையுள்ளதாகிவிட்டது. வாலட்டைல் என்று போட்டால் போதும் என்று எண்ணுகிறவர்கள் நம்மில் பலர். "நினைவகத்திலிருந்து கட்டாயம் படி" என்பதற்குத்தான் அது உத்தரவாதம். "ஒரே மூச்சில் படி" என்பதற்கு இல்லை.

திருத்துவதற்கு என் பரிந்துரை: பாயின்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பிரதி எடுக்கும் அந்த ஒரு வரியை ஏவிஆர் லைப்ரரியில் உள்ள அட்டாமிக் பிளாக்குக்குள் வைத்துவிடுங்கள். நிலைப் பதிவேட்டைச் சேமித்து, இன்டரப்டை நிறுத்தி, இரண்டு பைட்டைப் படித்து, பழைய நிலையை மீட்பதற்குள் பத்து சைக்கிள்கூட ஆகாது. 250000 பாட்டில் பைட்டுக்கு 40 மைக்ரோ வினாடி, அதாவது 640 சைக்கிள் இருக்கிறது.

#12 எட்டுபிட்

அட்டாமிக் பிளாக் சரியான மருந்துதான், ஆனால் இங்கே நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தலையைப் படிப்பதை மட்டும் காப்பாற்றினால் போதாது. பஃபர் நிரம்பிவிட்டதா என்று பார்க்க இன்டரப்ட் வாலைப் படிக்கிறதென்றால், மெயின் லூப் வாலை இரண்டு எஸ்டிஎஸ்ஸால் எழுதும் இடத்தையும் அதேபோல் காக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி எழுதிய வாலை இன்டரப்ட் படித்துவிடும். நாளைக்கு மூன்றாவதாக ஓர் இடத்தில் "எத்தனை பைட் இருக்கிறது" என்று தலையிலிருந்து வாலைக் கழிக்கும் வரியை வேறொருவர் எழுதுவார்; அவருக்கு இந்த இழை தெரிந்திருக்காது.

எட்டு பிட் இன்டெக்ஸானால் இந்தத் தொல்லை எதுவுமில்லை: ஒரு பைட்டைப் படிப்பதும் எழுதுவதும் இயல்பாகவே பிரிக்க முடியாதவை. போதாக்குறைக்கு 3 சைக்கிள் மிச்சம். பாயின்டருக்கு மாறியதே வேகத்துக்காக. அந்த வேகமே கிடைக்காதபோது அதைக் கட்டிக்காப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பாயின்டரே வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி: பஃபரை 128 இன் மடங்கான முகவரியில் அமர்த்தும்படி அலைன் பண்பைச் சேர்த்துவிட்டால், மேல் பைட் மாறவே மாறாது, கீழ் பைட்டை மட்டும் சேமித்தால் போதும். ஆனால் அதற்கு லிங்கர் நடுவில் ஓட்டை விடக்கூடும். மொத்தமே 2048 பைட் ரேம் உள்ள சிப்பில் எனக்கு அது மனம் வராது.

#13 நிலாமுற்றம்

ரிங் பஃபர் தீர்ந்துவிட்டதால், பம்புக்காரன் கேட்ட "வேறு சில்லறைச் சேமிப்புகள்" பற்றிச் சொல்கிறேன். உங்கள் ஃபிரேமைப் பிரிக்கும் ஃபங்ஷனில் ஒரே நேரத்தில் எத்தனை பாயின்டர்கள் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஏவிஆரில் முகவரிக்குப் பயன்படும் ரெஜிஸ்டர் ஜோடிகள் மூன்றே: எக்ஸ், ஒய், இசட். இவற்றில் ஒய்யைப் பெரும்பாலும் உள்ளூர் அரேக்கள் இருக்கும் ஸ்டாக் ஃபிரேமுக்காகக் கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. இசட்டுக்கு, ஸ்டிரக்டின் (பல உறுப்புகளை ஒன்றாகக் கட்டிய தரவின்) உள்ளே 63 பைட் வரை தள்ளி உள்ள உறுப்பை ஒரே கட்டளையில் படிக்கும் வசதி உண்டு. எக்ஸுக்கு அந்த வசதி கிடையாது.

அதனால் ஒரு ஸ்டிரக்டின் பாயின்டர் எக்ஸில் போய் உட்கார்ந்துவிட்டால், அதன் தொடக்கத்திலிருந்து 4 பைட் தள்ளி உள்ள உறுப்பைப் படிக்க லிஸ்டிங்கில் வருவது இப்படி இருக்கும்:

ஏடிஐடபிள்யூ எக்ஸ், 4 … 2
எல்டி ஆர்24, எக்ஸ் … 2
எஸ்பிஐடபிள்யூ எக்ஸ், 4 … 2

இசட்டில் இருந்தால் ஒரே எல்டிடி, 2 சைக்கிள். சி நிரலில் இரண்டுக்கும் ஒரே வரிதான். இசட்டில் 2 பைட் ஃபிளாஷ் (நிரல் நினைவகம்), எக்ஸில் 6 பைட். 4 கூட்டி உடனே 4 கழிப்பதை லிஸ்டிங்கில் முதன்முதலாகப் பார்த்தபோது கம்பைலருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். அதற்கு வேறு வழியில்லை, பாவம். அடுத்த வரி அதே ஸ்டிரக்டின் வேறோர் உறுப்பைக் கேட்கும் என்று அதற்குத் தெரியும்.

இதற்குப் பாயின்டர்களைக் குறைப்பதுதான் மருந்து. அடிக்கடி தேவைப்படும் உறுப்புகளை லூப்புக்கு முன்பே உள்ளூர் மாறிகளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு இன்னொரு நன்மையும் உண்டு: பைட் பாயின்டர் வழியாக நீங்கள் எதையாவது எழுதினால், அது ஸ்டிரக்டின் நீள உறுப்பையே மாற்றியிருக்கலாம் என்று கம்பைலர் கருதியாக வேண்டும், எழுத்து வகைப் பாயின்டர் எதையும் சுட்டலாம் என்பது மொழியின் விதி. ஆகவே லூப்பின் முடிவை ஸ்டிரக்டிலிருந்து நேரடியாகப் படித்தால், ஒவ்வொரு சுற்றிலும் நீளத்தை மறுபடி எடுக்கும். 16 பிட் நீளமானால் சுற்றுக்கு 4 சைக்கிள், 40 பைட்டுக்கு 160 சைக்கிள். ரிங் பஃபரில் மிச்சமாகும் 3 சைக்கிளைவிட இது எவ்வளவோ பெரிது. இந்தப் பாயின்டர் சுட்டுவதை வேறெதுவும் சுட்டாது என்று அறிவிக்கும் சி99 இன் ரெஸ்டிரிக்ட் என்ற சொல்லும் சில இடங்களில் இந்த மறு எடுப்பைத் தவிர்க்கும். ஆனால் அது நீங்கள் கம்பைலருக்குக் கொடுக்கும் வாக்கு, பொய்த்தால் யாரும் எச்சரிக்க மாட்டார்கள். உள்ளூர் மாறியில் அந்த அபாயம் இல்லை.

#14 பம்புக்காரன்

நிலாமுற்றம் அவர்களே, என் ஃபங்ஷனில் நான்கு பாயின்டர்கள் இருக்கின்றன. இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ஒவ்வொரு சென்சாருக்கும் 6 பைட் ஸ்டிரக்ட் உள்ள ஒரு டேபிளில், கையில் இருக்கும் பாயின்டரிலிருந்து டேபிளின் தொடக்கத்தைக் கழித்து, எத்தனையாவது சென்சார் என்று கண்டுபிடிக்கிறேன். ஒரு கழித்தல்தானே, அதனால் ஒன்றும் செலவில்லையே?

#15 நிலாமுற்றம்

சி மொழியில் கழித்தல், இயந்திரத்தில் வகுத்தல். பாயின்டர்களைக் கழித்தால் வரும் விடை பைட் கணக்கில் அல்ல, உறுப்புக் கணக்கில் வேண்டும் என்பதால், பைட் வித்தியாசத்தை 6 ஆல் வகுத்தாக வேண்டும். மீதி வராது என்று கம்பைலருக்குத் தெரியுமாதலால் அது உண்மையில் வகுப்பதில்லை: ஒரு பிட் வலப்புறம் தள்ளிவிட்டு 43691 ஆல் பெருக்கிக் கீழ் 16 பிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். 3 × 43691 = 131073; அதில் 65536 இன் மடங்கை நீக்கினால் மிஞ்சுவது 1. ஆகவே 43691 ஆல் பெருக்குவது 3 ஆல் வகுப்பதற்குச் சமம். அழகான தந்திரம்தான், ஆயினும் 16 பிட் பெருக்கல். ஏடிமெகாவில் பெருக்கல் கட்டளை இருப்பதால் பிழைத்தீர்கள். ஏடிடைனி85 இல் அதுவும் இல்லை, லைப்ரரியின் லூப் ஓடும். டேபிளைச் சுற்றும்போதே ஓர் எண்ணியையும் கூடவே கூட்டிக்கொண்டு போனால் இந்தக் கேள்வியே எழாது.

வரி வரியாக அரே[இ] வேண்டாம், *பா++ தான் வேண்டும் என்று மாற்றி எழுதும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். சாதாரண லூப்பில் இன்டெக்ஸைப் பாயின்டராக ஜிசிசியே பெரும்பாலும் மாற்றிவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே லிஸ்டிங் வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

#16 ஐம்பத்தொன்று

ஃபிரேமைப் பிரிக்கும் இடத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். நீளம் கம்பி வழியாக வருகிறதல்லவா? பாயின்டரோடு நீளத்தைக் கூட்டி அது முடிவைத் தாண்டுகிறதா என்று சோதிக்காதீர்கள். 16 பிட் முகவரியில் 65000 போன்ற ஒரு நீளம் வந்தால் கூட்டல் சுற்றிக்கொண்டு சிறிய எண்ணாகிவிடும். அரேயின் முடிவுக்கு அடுத்த இடத்தைத் தாண்டிய பாயின்டர் கணக்குக்கு மொழியும் பொறுப்பேற்காது. முடிவிலிருந்து பாயின்டரைக் கழித்து, மிச்சமுள்ள இடம் நீளத்தைவிடக் குறைவா என்று கேளுங்கள்.

#17 பம்புக்காரன்

நான்கு நாட்களாகச் சோதித்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் நோயை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்தேன். பஃபரைப் பழையபடி 480 இல் வைத்து, அனுப்பும் போர்டை நொடிக்கு 20 ஃபிரேம் அனுப்பும்படி மாற்றி, மோட்டாரையும் கான்டாக்டரையும் முற்றிலுமாகக் கழற்றிவிட்டு மேசை மேல் ஓட்டினேன். எட்டுபிட் அவர்களின் கணக்குப்படி சராசரியாக 4 நிமிடத்துக்கு ஒரு ரீசெட் வர வேண்டும். 2 நிமிடத்தில் வந்தது, பிறகு 7, பிறகு 3, பிறகு 5. அதற்கு மேல் எண்ணவில்லை.

இன்டெக்ஸுக்குத் திரும்பிய பிறகு, அதே 20 ஃபிரேம் வேகத்தில் மூன்று நாட்களாக ஒரு ரீசெட்டும் இல்லை. பிரித்துப் பார்க்கும் ஃபங்ஷனில் நீளத்தையும் இரண்டு உறுப்புகளையும் உள்ளூர் மாறிகளுக்கு நகர்த்தினேன், பாயின்டர் கழித்தலை எண்ணியாக மாற்றினேன். ஃபிளாஷில் 86 பைட் குறைந்தது, கூட்டிக் கழிக்கும் அந்த ஜோடி லிஸ்டிங்கில் ஓரிடத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நீளச் சோதனையையும் ஐம்பத்தொன்று ஐயா சொன்னபடி திருப்பி எழுதிவிட்டேன்.

வாங்கிய ஸ்னப்பர்களைக் கழற்றவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். டிரேஸ் அரேயை எடுத்துவிட்டேன்.